படம் எடுப்பவருக்கு நோய் தெரிய வேண்டுமா?

இருசக்கர வண்டியிலிருந்து விழுந்த ஒருவரை அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவருகிறார்கள். முழங்கால் வீங்கிக் கிடக்கிறது. மருத்துவர் சீட்டில் ஒரே வரி எழுதுகிறார்: முழங்கால் எக்ஸ்ரே, முன்பக்கம், பக்கவாட்டு. முன்பக்கப் படத்தில் சிக்கல் இல்லை. பக்கவாட்டுப் படத்தை இரண்டு விதமாக எடுக்கலாம். நோயாளியை ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, மேலிருந்து கீழாகக் கதிரைச் செலுத்துவது ஒரு வழி. அவரை மல்லாந்தபடியே விட்டுவிட்டு, எக்ஸ்ரே குழாயைப் பக்கத்தில் இறக்கி, கதிரைக் கிடைமட்டமாகச் செலுத்துவது இன்னொரு வழி.

இரண்டிலும் அதே முழங்கால், அதே கருவி, அதே அளவு கதிர்வீச்சு. ஆனால் கிடைமட்டக் கதிரில் எடுத்த படத்தில் மட்டும், முழங்கால் சில்லுக்கு மேலே உள்ள பகுதியில் அளவுகோல் வைத்துக் கிழித்தாற்போல ஒரு மட்டக்கோடு தெரியக்கூடும். கோட்டுக்கு மேலே சற்றுக் கறுப்பு, கீழே சாம்பல். எலும்பு மூட்டுக்குள்ளாக உடையும்போது மஜ்ஜையில் உள்ள கொழுப்பு கசிந்து ரத்தத்தோடு சேர்கிறது. கொழுப்பு ரத்தத்தைவிட இலேசானது. சற்று நேரத்தில் பிரிந்து மேலே மிதக்கிறது. அந்த மட்டக்கோடு தெரிந்தால், முறிவின் கீறல் கண்ணுக்குப் படாவிட்டாலும் எலும்பு உடைந்திருக்கிறது என்று கொள்ளலாம். மேலிருந்து கதிரைச் செலுத்தினால், மிதக்கும் கொழுப்பும் அடியிலுள்ள ரத்தமும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து கோடு மறைந்துவிடும். பிறகு அந்தப் படத்தை எத்தனை பெரிய நிபுணர் பார்த்தாலும் அது அவருக்குக் கிடைக்காது.

எந்தப் படத்தை எடுப்பது என்று அந்த அறையில் முடிவு செய்பவர் மருத்துவர் இல்லை. நாம் பொதுவாக ‘எக்ஸ்ரே எடுப்பவர்’ என்று சொல்லும் ரேடியோகிராஃபர்தான். மூட்டுக்குள் ரத்தமும் கொழுப்பும் எப்படி நடந்துகொள்ளும் என்று அவருக்குத் தெரிந்திருந்தால் சரியான படம் கிடைக்கும். இல்லாவிட்டால் விதிமுறைப்படி எடுத்த, பார்க்க அழகான, பயனற்ற ஒரு படம் கிடைக்கும். ரேடியோகிராஃபி மாணவர்களுக்கு நோய்க்குறியியலை ஏன் கற்பிக்க வேண்டும் என்ற கேள்விக்கு இதைவிடச் சுருக்கமான பதில் இல்லை. அதை எப்படிக் கற்பிப்பது என்பதுதான் நீண்ட கதை.

பார்க்கும் உரிமை யாருக்கு?

வில்ஹெல்ம் ரான்ட்கன் 1895 நவம்பர் 8 அன்று வூர்ட்ஸ்பர்க் நகரில் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே ஐரோப்பிய, அமெரிக்க மருத்துவமனைகளில் அக்கதிர்கள் புழக்கத்துக்கு வந்துவிட்டன. அப்போது இதற்கென்று தனித் தொழில் எதுவும் கிடையாது. புகைப்படக்காரர், மின்சாரப் பொறியாளர், ஆர்வமுள்ள மருத்துவர் என்று யார் யாரோ கருவியை இயக்கினார்கள். படம் எடுத்தவரே அதில் தெரிவதையும் சொன்னார்.

இந்த நிலை நீடிக்கவில்லை. பிரிட்டனில் 1920இல் ரேடியோகிராஃபர்களுக்கான சங்கம் உருவானது. மருத்துவர்கள் தங்கள் எல்லையைக் காக்க விரும்பினார்கள். மருத்துவப் பட்டம் இல்லாத உறுப்பினர்கள் படத்துக்கு விளக்கம் எழுதக் கூடாது என்று 1920களின் நடுவில் அங்கே முடிவானது. எடுப்பவர் ஒருவர், படிப்பவர் வேறொருவர் என்ற பிரிவினை பிறந்தது. பிரிட்டிஷ் முறையைப் பின்பற்றிய நாடுகளுக்கும் அந்தப் பிரிவினை பரவியது.

இந்த ஏற்பாட்டில் ஓர் ஓட்டை இருந்தது. நள்ளிரவில் கை உடைந்து வருபவரின் படத்தை உடனே பார்க்கக் கதிரியல் மருத்துவர் இருக்கமாட்டார். அவசரப் பிரிவில் பணியில் இருக்கும் இளம் மருத்துவர்தான் பார்ப்பார். ஆயிரக்கணக்கான மணிக்கட்டுகளைப் படமெடுத்த அனுபவசாலி பக்கத்து அறையில் இருப்பார். அவரிடம் யாரும் கேட்கமாட்டார்கள். ரேடியோகிராஃபர்களைப் பயிற்றுவித்தால் இயல்பான படத்தையும் இயல்பல்லாத படத்தையும் அவர்களால் பிரித்துக்காட்ட முடியும் என்று கதிரியல் மருத்துவர் ஸ்வின்பர்ன் 1971இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார். 1980களில் லண்டனின் மேற்குப் பகுதியில் அதற்கு ஒரு எளிய வடிவம் கிடைத்தது. சந்தேகப்படும்படி ஏதாவது தெரிந்தால் ரேடியோகிராஃபர் அந்தப் படச்சுருளின் மேல் ஒரு சிவப்புப் புள்ளியை ஒட்டிவிடுவார். மருத்துவர், “எதற்கு இது?” என்று இன்னொரு முறை உற்றுப் பார்ப்பார். மருத்துவர் தவறவிடுவதும் ரேடியோகிராஃபர் தவறவிடுவதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. இரண்டு பார்வையும் சேர்ந்தால் பிழை குறையும் என்பதை 1985இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ வெளியிட்ட கட்டுரை எடுத்துக்காட்டியது.

சிவப்புப் புள்ளி பிரிட்டன் முழுவதும் பரவியது. கூடவே கல்லூரிகளுக்கு ஒரு புதிய கடமையும் வந்தது. கருவியை இயக்கக் கற்றுக்கொடுத்தால் மட்டும் போதாது. பார்க்கவும் கற்றுக்கொடுக்க வேண்டும்.

முதல் பாடம்: இயல்பு

மாணவர்கள் முதல் நாளிலேயே புற்றுநோயையும் காசநோயையும் பார்க்கத் துடிப்பார்கள். நல்ல ஆசிரியர் அவர்களை மாதக்கணக்கில் நலமான நுரையீரல்களின் முன்னால் உட்கார வைப்பார். எக்ஸ்ரே படம் நிழல்களால் ஆனது. அதில் அடிப்படையாக ஐந்து சாயல்கள்தான் உண்டு: காற்று முழுக் கறுப்பு, கொழுப்பு கருஞ்சாம்பல், தசையும் ரத்தமும் நீரும் ஒரே சாம்பல், எலும்பு வெள்ளை, உலோகம் பளிச்சென்ற வெள்ளை. தசையும் நீரும் ஒரே சாயல் என்பதில்தான் எக்ஸ்ரேயின் பலவீனமும், அதைப் படிக்கும் சூட்சுமமும் அடங்கியிருக்கின்றன.

இதயத்தின் விளிம்பு நமக்கு ஏன் தெரிகிறது? சாம்பல் நிற இதயத்துக்குப் பக்கத்தில் காற்று நிறைந்த கறுப்பு நுரையீரல் இருப்பதால். அந்த இடத்தில் உள்ள நுரையீரலில் நிமோனியா வந்து காற்றுக்குப் பதில் சீழும் நீரும் நிறைந்தால், சாம்பலை ஒட்டிச் சாம்பல் வந்துவிடும், விளிம்பு அழியும். வலது நுரையீரலின் நடுமடலில் நோய் வந்தால் இதயத்தின் வலது விளிம்பு மங்கும். கீழ்மடலில் வந்தால் இதய விளிம்பு தெளிவாக இருக்கும். உதரவிதானத்தின் கோடு காணாமல் போகும். காணாமல் போன கோட்டை வைத்தே நோய் எந்த மடலில் என்று சொல்லிவிடலாம். அமெரிக்காவின் சின்சினாட்டியைச் சேர்ந்த பெஞ்சமின் ஃபெல்சன் 1950இல் இந்த அடையாளத்தைப் பிரபலப்படுத்தினார். இருக்க வேண்டிய கோடுகளை மனத்தில் பதித்துக்கொண்டவருக்குத்தான் ஒன்று குறைவது தெரியும்.

குழந்தைகளின் முழங்கை இதைவிடக் கடினமான தேர்வு. பிறக்கும்போது முழங்கையின் முனைகள் குருத்தெலும்பாகவே இருக்கும், எக்ஸ்ரேயில் தெரியாது. ஏறக்குறைய 1, 3, 5, 7, 9, 11 வயதுகளில் ஒவ்வொன்றாக ஆறு எலும்பு மையங்கள் தோன்றும். வயது சற்று முன்பின் ஆகலாம். வரிசை பெரும்பாலும் மாறாது. உட்புற முண்டின் மையம் மூன்றாவதாகத் தோன்றும். மூட்டின் நடுவில் உள்ள கப்பி போன்ற பகுதியின் மையம் அதற்குப் பிறகு நான்காவதாகத்தான் வரும். கீழே விழுந்த ஏழு வயதுப் பையனின் படத்தில் நான்காவது தெரிந்து, மூன்றாவது அதன் இடத்தில் இல்லாவிட்டால், ஆபத்து. அந்தத் துண்டு பிய்ந்து மூட்டுக்குள் சிக்கியிருக்கலாம். மூட்டுக்குள் கிடக்கும் துண்டை நான்காவது மையம் என்று தவறாக நினைக்கவும் வாய்ப்பு உண்டு. வரிசை தெரிந்த ரேடியோகிராஃபர், குழந்தை அறையை விட்டுப் போவதற்கு முன்பே மருத்துவரைக் கூப்பிட்டுவிடுவார்.

முறிவு மாதிரித் தெரிந்து முறிவாக இல்லாதவையும் ஏராளம். வளரும் பிள்ளைகளின் பாதத்தில், சுண்டுவிரலுக்குப் பின்னால் உள்ள எலும்பின் அடியில் ஒரு கோடு இருக்கும். அது எலும்பின் நீளவாக்கில் ஓடினால் வளர்ச்சிக் கோடு. குறுக்கே ஓடினால் பெரும்பாலும் முறிவு. முலைக்காம்பின் நிழல் நுரையீரல் கட்டிபோல விழும். பின்னிய கூந்தல் முதுகில் தொங்கினால், அதன் நிழல் நுரையீரலின் உச்சியில் விழுந்து காசநோயின் கறைபோலத் தோன்றும். நம் ஊர் எக்ஸ்ரே அறைகளில், “அம்மா, ஜடையைத் தூக்கி மேலே முடிஞ்சுக்கோங்க, சங்கிலியைக் கழட்டிடுங்க” என்று சொல்வது வெறும் சடங்கில்லை. காசநோய் வழக்கமாக எங்கே தொடங்கும் என்று தெரிந்த வாயிலிருந்து வரும் வார்த்தை அது.

காற்று மேலே ஏறும், நீர் கீழே இறங்கும்

நோய்க்குறியியல் என்றதும் நுண்ணோக்கியும் ஆய்வகமும் நினைவுக்கு வரும். ரேடியோகிராஃபி மாணவருக்குத் தேவையான நோய்க்குறியியலில் பாதி, பள்ளிக்கூட இயற்பியல்தான்.

குடற்புண் முற்றி இரைப்பையில் ஓட்டை விழுந்தவரை எடுத்துக்கொள்வோம். ஓட்டை வழியாக வெளியேறும் காற்று வயிற்றறைக்குள் உலவும். அவரை மல்லாக்கப் படுக்கவைத்து வயிற்றைப் படமெடுத்தால், அந்தக் காற்று முன்பக்கமாகப் பரவி மறைந்துகொள்ளும். நிமிர்ந்து உட்காரவைத்து, சில நிமிடங்கள் பொறுத்து, மார்பைப் படமெடுத்தால் காற்று ஏறிப்போய் உதரவிதானத்துக்கும் கல்லீரலுக்கும் நடுவே கறுப்புப் பிறைபோல நிற்கும். கவனமாக எடுத்தால் 1 மில்லிலிட்டர் காற்றைக்கூடக் காட்டிவிடலாம் என்று சோதனைகளில் தெரியவந்திருக்கிறது. அந்தச் சில நிமிடக் காத்திருப்பு முக்கியம். எதற்காகக் காத்திருக்கிறோம் என்று தெரியாதவர், வரிசையில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்து உடனே பொத்தானை அழுத்திவிடுவார். உட்கார முடியாத நோயாளி என்றால் அவரை இடது பக்கமாக ஒருக்களிக்கச் செய்து, கிடைமட்டக் கதிரில் எடுக்க வேண்டும். அப்போது காற்று கல்லீரலின் பக்கவாட்டில் ஏறி நிற்கும். வலது பக்கமாக ஒருக்களித்தால் இரைப்பையில் இயல்பாகவே உள்ள காற்று குழப்பும். இடமா வலமா என்ற அந்த ஒரு தேர்வுக்குள் ஒரு நோயின் முழு நடத்தையும் அடங்கியிருக்கிறது.

நுரையீரலைச் சுற்றிக் கோக்கும் நீர் இதற்கு நேர்மாறு. நிற்கும் நோயாளியின் முன்பக்கப் படத்தில், விலாவும் உதரவிதானமும் சேரும் கூர்முனை மழுங்குவதற்கு ஏறக்குறைய 200 மில்லிலிட்டர் நீர் தேவை. பக்கவாட்டுப் படத்தில் அதைவிடக் குறைவே போதும். ஏனென்றால் பின்பக்க மூலைதான் பள்ளத்தில் இருக்கிறது. நோயுள்ள பக்கம் கீழே இருக்குமாறு படுக்கவைத்துக் கிடைமட்டக் கதிரில் எடுத்தால் 10 மில்லிலிட்டர் அளவுகூடத் தெரியலாம். படுத்த படுக்கையாக இருப்பவரை மேலிருந்து எடுத்தாலோ, அரை லிட்டர் நீர்கூட முதுகுப்புறமாகப் பரவி, நுரையீரல் முழுவதும் இலேசாக மங்கியிருப்பதாக மட்டும் காட்டும்.

முழங்கையிலும் இப்படி ஒரு மறைமுகச் சாட்சி உண்டு. மூட்டின் பின்பக்கக் குழிக்குள் ஒரு கொழுப்புத் திட்டு ஒளிந்திருக்கும். நலமாக இருக்கும்போது பக்கவாட்டுப் படத்தில் தெரியாது. முறிவினால் மூட்டுக்குள் ரத்தம் கசிந்தால் அந்தத் திட்டு வெளியே தள்ளப்பட்டுக் கறுப்பாகத் தெரியும். பெரியவர்களில் ஆரை எலும்பின் தலையிலும், குழந்தைகளில் மேற்கை எலும்பின் கீழ்முனையிலும் முறிவைத் தேடச் சொல்லும் குறிப்பு அது. ஆனால் முழங்கையை 90 பாகை மடக்கி, சரியான பக்கவாட்டில் எடுத்தால்தான் இந்தச் சாட்சியை நம்பலாம். கையை நீட்டி எடுத்தால் நலமான மூட்டிலும் அத்திட்டு வெளியே வந்து பொய் சொல்லும்.

கதிர்வீச்சின் அளவைத் தீர்மானிப்பதற்கும் நோய் தெரிய வேண்டும். எலும்புத் தேய்மானமும், காற்றுப்பைகள் சிதைந்து விரிந்த எம்ஃபிசீமாவும் உடலின் அடர்த்தியைக் குறைக்கும். குறைந்த கதிர் போதும். வயிற்றில் நீர் கோத்தவருக்கு அடர்த்தி கூடும். கூடுதல் கதிர் தேவை. படச்சுருள் காலத்தில் கதிர் கூடினால் படம் கறுத்துப்போய்க் காட்டிக்கொடுத்துவிடும். டிஜிட்டல் கருவி அதைக் கணினியில் சரிசெய்து அழகாகக் காட்டிவிடுகிறது. தேவைக்கு மேல் கதிர் போனது யாருக்கும் தெரியாமலேயே அளவு மெல்ல மெல்லக் கூடும் அபாயம் இங்கே இருக்கிறது. நோயாளியைப் பார்த்தவுடன் கணிக்கத் தெரிந்த ரேடியோகிராஃபரே அதற்குத் தடை.

கண் செய்யும் தவறுகள்

அறிவு இருந்தும் கண் ஏமாற்றலாம். கதிரியல் மருத்துவர் ஹென்றி கார்லண்ட் 1949இல் தம் துறையைச் சங்கடப்படுத்திய உண்மை ஒன்றை வெளியிட்டார். அனுபவமிக்க நிபுணர்களே நோயுள்ள மார்புப் படங்களில் ஏறக்குறைய 30 சதவீதத்தைத் தவறவிடுகிறார்கள். கருவிகள் எவ்வளவோ மேம்பட்ட பின்னும் இந்தப் பிரச்சினை முற்றிலும் தீரவில்லை. ஏன் என்பதை உளவியலாளர்களோடு சேர்ந்து ஆராயத் தொடங்கினார்கள்.

அமெரிக்காவில் ஹெரால்டு குண்டலும் கால்வின் நோடைனும் 1975இல் வெளியிட்ட சோதனை புகழ்பெற்றது. நிபுணர்களுக்கு மார்புப் படத்தை வெறும் 0.2 விநாடி மட்டும் காட்டினார்கள். விழி ஒருமுறை நகர்வதற்குக்கூட அந்த நேரம் போதாது. அப்படியும் நோயுள்ள படங்களில் ஏறக்குறைய 70 சதவீதத்தை அவர்கள் கண்டுபிடித்தார்கள். வேண்டிய மட்டும் நேரம் கொடுத்தபோது அது 97 சதவீதமானது. அனுபவசாலியின் கண் முதலில் படத்தை முழுதாக விழுங்குகிறது. ‘எங்கோ சரியில்லை’ என்று மூளை சொன்ன பிறகுதான் தேடல் தொடங்குகிறது. புதியவருக்கு அந்த முதல் விழுங்கல் கிடையாது. அவர் ஓர் ஓரத்திலிருந்து தடவித் தடவிப் போக வேண்டியிருக்கிறது.

விழியின் நகர்வைப் பதிவுசெய்து இதே குழுவினர் தவறுகளை மூன்றாகப் பிரித்தார்கள். கட்டி இருந்த இடத்தைக் கண் எட்டவே இல்லை என்பது முதல் வகை. எட்டியது, ஆனால் நிற்கவில்லை என்பது இரண்டாவது. நெடுநேரம் நின்று பார்த்தும், ‘இது ஒன்றுமில்லை’ என்று முடிவெடுத்துவிட்டது மூன்றாவது. மூன்றாவது வகைதான் அதிகம். பாடத்திட்டத்துக்கு இது முக்கியமான செய்தி. முதல் வகைத் தவறை ஒழுங்கான தேடலால் குறைக்கலாம். மூன்றாவதைக் குறைக்க, அந்த நிழலுக்குப் பின்னால் எந்த நோய் இருக்கும், எது இருக்காது என்ற அறிவு வேண்டும்.

2013இல் டிராஃப்டன் ட்ரூவும் அவருடைய சகாக்களும் இன்னும் வேடிக்கையான ஒன்றைச் செய்தார்கள். நுரையீரல் சி.டி. படங்களில் சிறு கட்டிகளைத் தேடும்படி 24 கதிரியல் மருத்துவர்களிடம் சொன்னார்கள். கடைசிப் படத்தொகுப்பில், சராசரிக் கட்டியைவிட 48 மடங்கு பெரிய கொரில்லா உருவம் ஒன்றை நுழைத்திருந்தார்கள். 20 பேர் அதைக் கவனிக்கவில்லை. அவர்களில் பெரும்பாலோரின் கண்கள் அந்தக் கொரில்லாமீது பதிந்து நகர்ந்திருந்ததைக் கருவி காட்டியது. கட்டியைத் தேடப் பழக்கிய கண் கட்டியைத்தான் தேடும்.

இன்னொரு பொறியும் உண்டு. ஒரு முறிவைக் கண்டுபிடித்த திருப்தியில் தேடலை நிறுத்திவிடுவது. இடுப்புவளையத்தைப் பற்றிப் பாடம் நடத்தும்போது ஆசிரியர் கையில் ஒரு முறுக்கை எடுத்துக்கொள்ளலாம்: அதை ஒரே இடத்தில் மட்டும் உடைக்க முயன்று பாருங்கள், எதிர்ப்பக்கத்திலும் விரிசல் விழும். விறைப்பான வளையங்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். இடுப்பில் ஒரு முறிவு தெரிந்தால், இரண்டாவதைக் கண்டுபிடிக்கும்வரை அல்லது அது இல்லை என்று உறுதியாகும்வரை படத்தை மூடக் கூடாது.

ஆகவே நல்ல வகுப்புகள் தேடலுக்கு ஒரு வரிசையைக் கற்றுக்கொடுக்கின்றன. மார்புப் படம் என்றால் முதலில் பெயர், தேதி, இடம் வலம்; பிறகு நோயாளி நேராக நின்றாரா, மூச்சை முழுதாக இழுத்தாரா; அதன் பின் மூச்சுக்குழாய், இதயம், நுரையீரல், உதரவிதானம், எலும்புகள். கடைசியில் எல்லோரும் மறக்கும் மூலைகள்: நுரையீரல் உச்சி, இதயத்தின் பின்புறம், உதரவிதானத்தின் அடி, தோள்கள். பழகப் பழக இந்த வரிசை வாய்ப்பாடாகி, கொரில்லாவுக்கும் ஒரு இடம் ஒதுக்கிவிடும்.

மாணவர்களுக்குக் காட்டும் படத் தொகுப்பையும் யோசித்துக் கோக்க வேண்டும். ஜெரமி வுல்ஃபின் குழுவினர் 2005இல் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். விமான நிலையச் சோதனைபோன்ற கணினிப் படங்களில் ஒரு பொருளைத் தேடச் சொன்னார்கள். பாதிப் படங்களில் அப்பொருள் இருந்தபோது 7 சதவீதம் தவறவிட்டவர்கள், நூற்றில் ஒன்றில் மட்டும் இருந்தபோது 30 சதவீதம் தவறவிட்டார்கள். அரிதாக வருவதைக் கண் எதிர்பார்ப்பதில்லை. வகுப்பில் ஒவ்வொரு படத்திலும் ஒரு முறிவைக் காட்டிப் பழக்கிய மாணவர், வார்டுக்கு வந்து வரிசையாக நலமான படங்களைப் பார்க்கும்போது தடுமாறுவார். ஒன்று, இல்லாத முறிவைக் காண்பார். அல்லது சலித்துப்போய் இருக்கும் முறிவை விட்டுவிடுவார். தொகுப்பில் நலமான படங்கள் தாராளமாகக் கலந்திருக்க வேண்டும். எது எது என்று முன்கூட்டிச் சொல்லவும் கூடாது.

வெறும் மனப்பாடம் எவ்வளவு தூரம் போகும் என்பதைப் புறாக்கள் காட்டின. 2015இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், மார்பகத் திசுப் படங்களில் புற்றுள்ளதையும் இல்லாததையும் பிரிக்கப் புறாக்களுக்கு இரை கொடுத்துப் பழக்கினார்கள். இரண்டே வாரங்களில் ஏறக்குறைய 85 சதவீதம் சரியாகக் கொத்தின; புதிய திசுப் படங்களிலும் தேறின. மேமோகிராம் படங்களில் உள்ள கட்டிகள் விஷயத்தில் மட்டும் பழக்கிய படங்களை மனப்பாடம் செய்தனவே தவிர, புதிய படத்தைக் காட்டியதும் தோற்றன. தேர்வுக்காக ஐம்பது படங்களை உருப்போடும் மாணவருக்கும் வார்டில் இதே கதி நேரும். விளிம்பு ஏன் முள்முள்ளாக இருக்கிறது, கட்டி சுற்றியுள்ள திசுவை எப்படி இழுக்கிறது என்று புரிந்தவர், பார்த்திராத படத்திலும் அதை அடையாளம் காண்பார்.

புள்ளியிலிருந்து வாக்கியத்துக்கு

சிவப்புப் புள்ளிக்கு ஒரு குறை இருந்தது. புள்ளி எங்கே, எதைப் பற்றியது என்று சொல்லாது. புள்ளி இல்லாத படம் நலமானதா அல்லது யாரும் பார்க்கவே இல்லையா என்பதும் தெரியாது. ரேடியோகிராஃபர் தாம் கண்டதை ஒன்றிரண்டு வாக்கியங்களில் எழுதித் தர வேண்டும் என்று பிரிட்டனின் ரேடியோகிராஃபர் சங்கம் 2013இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. மேற்படிப்பு முடித்தவர்கள் முழு அறிக்கையே எழுதுவதும் 1990களிலிருந்து அங்கே வளர்ந்துவந்திருக்கிறது.

வாக்கியம் எழுதுவது புள்ளி ஒட்டுவதைப் போல எளிதன்று. “இடது மணிக்கட்டு. ஆரை எலும்பின் கீழ்முனையில் குறுக்கே முறிவு. துண்டு புறங்கைப் பக்கம் சாய்ந்திருக்கிறது. மூட்டுக்குள் செல்லவில்லை.” இந்த நான்கு சிறு வாக்கியங்களை எழுத உடற்கூறு, முறிவின் வகை, சிகிச்சையை மாற்றக்கூடிய விவரம் எது என்ற அறிவு மூன்றும் வேண்டும். ‘ஏதோ இருக்கிறாற்போல இருக்கிறது’ என்று எழுதித் தப்பிக்க முடியாது. எழுதச் சொல்லிவிட்டால் மாணவர் எங்கே மங்கலாகப் புரிந்துகொண்டிருக்கிறார் என்பதும் ஆசிரியருக்கு உடனே தெரிந்துவிடும்.

ரேடியோகிராஃபரிடம், திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் நிபுணரிடம் இல்லாத ஒன்று இருக்கிறது: நோயாளி எதிரிலேயே இருக்கிறார். “எங்கே வலிக்குது? ஒரே விரலால் தொட்டுக் காட்டுங்க” என்று அவரால் கேட்க முடியும். கட்டைவிரலின் அடியில் உள்ள பள்ளத்தைத் தொட்டுக் காட்டினால், அங்கே உள்ள ஸ்கேஃபாய்டு என்ற சிறு எலும்பை நினைத்துக்கொள்ள வேண்டும். வழக்கமான மணிக்கட்டுப் படங்களோடு, கையைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்து அந்த எலும்புக்கென்றே தனிப் படங்களும் எடுக்க வேண்டும். அந்த எலும்புக்கு ரத்தம் விரல் பக்கத்திலிருந்து மணிக்கட்டுப் பக்கமாகப் பின்னோக்கி ஓடுகிறது. நடுவில் முறிந்தால் பின்பாதி ரத்தமின்றிச் செத்துப்போகலாம். முதல் நாள் படத்தில் முறிவு தெரியாமலும் போகலாம். 10 முதல் 14 நாள் கழித்துத் திரும்ப எடுப்பது அதனால்தான். இவற்றை அறிந்தவர் கேட்கும் கேள்வி, ஓர் இளைஞரின் மணிக்கட்டைக் காப்பாற்றும்.

எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் பாடத்தின் பகுதியே. “என்னங்க தெரியுது?” என்று நோயாளி கேட்கும்போது நோயின் பெயரைச் சொல்வது ரேடியோகிராஃபரின் வேலை கிடையாது. மார்புக்கூட்டுக்குள் காற்று நிறைந்து நுரையீரல் சுருங்கியிருப்பதைக் கண்டால், அறிக்கைக்காகக் காத்திராமல் ஓடிப்போய் மருத்துவரிடம் சொல்வது அவருடைய வேலை. நோயாளிமுன் முகத்தில் ஒன்றும் காட்டாமல் இருப்பதும், மருத்துவரிடம் தயங்காமல் பேசுவதும் ஒரே ஆளிடம் வளர வேண்டிய இரண்டு பழக்கங்கள்.

நம் அறைகளில்

சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் கேப்டன் பர்னார்டின் பெயரில் 1934இல் திறக்கப்பட்ட கதிரியல் நிலையம் இந்தத் துறையில் இந்தியாவின் பழைமையான நிறுவனங்களுள் ஒன்று. இன்று தமிழ்நாட்டில் சான்றிதழ், பட்டயம், இளநிலைப் பட்டம் எனப் பல படிகளில் ரேடியோகிராஃபி கற்பிக்கிறார்கள். இந்தியாவில் அறிக்கை எழுதுவது கதிரியல் மருத்துவரின் பொறுப்பு. அந்த எல்லையை அப்படியே வைத்துக்கொண்டாலும், இந்த அத்தியாயத்தில் பார்த்த எதுவும் தேவையற்றதாகிவிடாது. கிடைமட்டக் கதிரைத் தேர்ந்தெடுக்கவும், சில நிமிடம் காத்திருக்கவும், ஜடையைத் தூக்கச் சொல்லவும், மருத்துவரைக் கூப்பிடவும் அறிக்கை எழுதும் உரிமை தேவையில்லை.

நம் நாட்டுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குக் காசநோய் ஒன்றே சாட்சி. 2019 முதல் 2021 வரை இந்தியா நடத்திய தேசியக் காசநோய்ப் பரவல் ஆய்வை ஒருங்கிணைத்தது சென்னையில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். ஊர் ஊராக வண்டியில் எக்ஸ்ரே கருவி போனது. மார்புப் படம் எடுக்காமல் இருமல், காய்ச்சல்போன்ற அறிகுறிகளை மட்டும் கேட்டிருந்தால், கண்டுபிடிக்கப்பட்ட நோயாளிகளில் 42.6 சதவீதத்தினர் தப்பியிருப்பார்கள் என்று அந்த ஆய்வு சொன்னது. அந்த வண்டிகளில் நின்று, “மூச்சை நல்லா இழுங்க, பிடிங்க” என்று சொன்னவர்கள் ரேடியோகிராஃபர்கள். மூச்சை அரைகுறையாக இழுத்த நுரையீரலின் அடிப்பகுதி நோயுற்றதுபோல மங்கலாகத் தெரியும். தோள்பட்டை எலும்பை விலக்காவிட்டால் அதன் நிழல் நுரையீரல்மேல் விழும்.

காசநோய்த் தேடலில், 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களின் மார்புப் படங்களைக் கணினியே படிக்கும் முறையை 2021இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. அதைக் காட்டி, இனி மனிதருக்கு இதைக் கற்றுக்கொடுப்பானேன் என்று கேட்பவர்கள் உண்டு. கணினி தனக்குக் கொடுத்த படத்தைத்தான் படிக்கிறது. நோயாளியை எப்படி நிறுத்துவது, எந்தப் படம் போதாது, எதைத் திரும்ப எடுப்பது என்பதை இன்னும் அறையில் உள்ளவர்தான் முடிவு செய்கிறார்.

எனவே ரேடியோகிராஃபிப் பாடத்திட்டம் வகுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நோய்க்குறியியலைத் தேர்வுக்கு முந்தைய மாதம் நடத்தி முடிக்கும் துணைப்பாடமாக வைக்காதீர்கள். ஒவ்வொரு கோணத்தையும் கற்றுக்கொடுக்கும் அன்றே, அந்தக் கோணம் எந்த நோயைக் காட்டவும் எதை மறைக்கவும் வல்லது என்பதையும் சேர்த்துக் கற்றுக்கொடுங்கள். பயிற்சி மாணவர் எடுக்கும் ஒவ்வொரு படத்துக்கும் கீழே இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். பிறகு கதிரியல் மருத்துவரின் அறிக்கையை அவர் கையில் கொடுத்து ஒப்பிடச் சொல்லுங்கள். இதற்குப் புதிய கருவி எதுவும் வாங்க வேண்டாம். அறிக்கைகள் மாணவர்களின் கைக்குத் திரும்பி வந்தால் போதும்.